பாறையைப் பார்த்துக்கொண்ட மந்தி

மஞ்சனாற்றுக் காட்டில் காட்டெருமைகள்தான் பெரிய கூட்டம். ஆனாலும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அவற்றுக்கு ஆதரவு போதவில்லை. காட்டுப்பன்றிகளும் மான்களும் சேர்ந்துகொண்டு எதிர்ப்பக்கம் நின்றன.

காட்டெருமைகள் மந்திகளிடம் போய்ப் பேசின.

"நாங்கள் தரையைப் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் மரத்திலிருந்து காவல் பாருங்கள். சேர்ந்து காட்டை நடத்துவோம், வருகிறீர்களா?"

மந்திகள் சம்மதித்தன. இப்படித்தான் கருங்கொம்பன் என்ற காட்டெருமை காட்டின் தலைவரானது. மந்திக் கூட்டத்தின் தலைவி சாம்பலியைக் கருங்கொம்பனே துணைத்தலைவியாக முன்மொழிந்தது. காடு முழுவதும் கூடி அதை ஏற்றுக்கொண்டது.

தலைவர் காட்டில் இருக்கும்போது துணைத்தலைவி பக்கத்தில் இருந்து யோசனை சொல்லும். மந்திகளின் குறைகளை எடுத்துச் சொல்லும். தலைவர் வெளியே போனால் அவர் இடத்தில் நின்று முடிவெடுக்கும். ஒருவேளை தலைவர் இறந்துபோனால், காடு கூடி இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை அந்த இடம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் தனி அதிகாரம் எதுவும் கிடையாது.

"பெயர்தான் பெரிதாக இருக்கிறது!" என்று துள்ளன் கேலி செய்யும். துள்ளன் சாம்பலியின் கூட்டத்தைச் சேர்ந்த ஆண் குரங்கு. வேகமாகத் தாவும், வேகமாகப் பேசும். "இதுவரை நமக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய்? ஆற்றங்கரை அத்திமரங்கள் இன்னும் எல்லோருக்கும் பொது! ஒன்றாவது நமக்கென்று வந்ததா?"

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சாம்பலி சொல்லும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கோடையில் ஆறு வற்றி, கீழே ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. மலைக்கு அப்பால் யானைகளின் ஏரி இருந்தது. அங்கே போய்த் தங்க யானைகளிடம் அனுமதி கேட்க வேண்டும். கருங்கொம்பனே நேரில் போவதென்று முடிவானது.

புறப்படும் முன் அது புல்மேட்டின் உச்சியில் இருந்த பாறையில் ஏறி நின்றது. காடு கூடும் இடம் அதுதான். தலைவர் நிற்கும் இடமும் அதுதான்.

"நான் திரும்பும்வரை சாம்பலி என் இடத்தில் இருக்கும். அதன் சொல் என் சொல்!" என்றது கருங்கொம்பன். பிறகு சாம்பலியின் பக்கம் திரும்பியது. "ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். எங்கள் கூட்டம் புல்மேட்டை விட்டு நகரக் கூடாது. இங்கிருந்து நாலாபக்கமும் தெரியும். எதிரி பதுங்கி வர முடியாது."

"சரி, தலைவரே!"

கருங்கொம்பன் மலை முகட்டைத் தாண்டி மறைந்தது. மறுநாளே செந்நாய்கள் வந்தன.

எப்போதும் ஒரு சிறு கூட்டமாக வருபவை, இந்த முறை இரண்டு பெரிய கூட்டங்களாகச் சேர்ந்து வந்தன. அவற்றை நடத்தி வந்தது செவலை என்ற செந்நாய். அது புல்மேட்டை நோக்கி ஓடி வரவில்லை, குரைக்கவும் இல்லை. மேட்டிலிருந்து மடுவுக்கு இறங்கும் பாதையில் தன் கூட்டத்தைப் படுக்க வைத்தது. அவ்வளவுதான் செய்தது.

செந்நாய்க்குப் பயந்து மான்களும் பன்றிகளும்கூட மேட்டில் வந்து ஒண்டிக்கொண்டன. மேட்டில் காய்ந்த புல் இருந்தது. தண்ணீர் இல்லை.

அடுத்த நாள் பெரியவை பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டன. அதற்கடுத்த நாள் கன்றுகள் தாய்மடியை முட்டின. பால் சுரக்கவில்லை. வெண்காலி என்ற காட்டெருமைப் பசு தன் கன்றுக்கு உடம்பால் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. கன்றின் நாக்கு வெளியே தொங்கியது.

மந்திகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இலைகளில் இருக்கும் ஈரமே அவற்றுக்குப் போதும்.

அது செவலைக்கும் தெரியும். விடிந்ததும் அது மட்டும் தனியாக மந்திகள் இருந்த மரத்தடிக்கு வந்தது.

"சாம்பலி! கீழே வர வேண்டாம், அங்கிருந்தே கேள். உனக்கும் எனக்கும் பகையில்லை. மந்தியைத் துரத்தி மரமேற நாங்கள் பூனைகளா?"

"வந்த விஷயத்தைச் சொல்."

"உன் தலைவன் செத்துவிட்டான்! மலையில் கால் இடறிப் பள்ளத்தில் விழுந்ததை என் நாய்கள் கண்ணால் பார்த்தன. இனி நீதான் தலைவி. நான் கேட்பது சின்ன உதவி. இன்று பொழுது சாயும்போது நாங்கள் மேட்டுக்கு ஏறுவோம். அப்போது உன் மந்திகள் கத்தக் கூடாது. கத்தாமல் இருப்பது ஒரு வேலையா? எங்களுக்கு வேண்டிய கன்றுகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். காட்டெருமைக் கூட்டம் ஒடுங்கிவிடும். அப்புறம் உன்னைப் பாறையிலிருந்து இறக்க யார் இருக்கிறார்கள்?"

சாம்பலி மலை முகட்டைப் பார்த்தது. கருங்கொம்பன் செத்துவிட்டதா? உண்மையாக இருக்குமோ?

"யோசிக்க வேண்டும்" என்றது.

"பொழுது சாயும்வரை யோசி!" என்று சொல்லிவிட்டுச் செவலை திரும்பி நடந்தது.

துள்ளன் பக்கத்துக் கிளையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் கண்கள் பளபளத்தன.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம்மில் ஒருவருக்கும் கீறல்கூட விழாது! ஆற்றங்கரை அத்திமரம் முழுவதும் நமக்கு! நாமா கொல்லப் போகிறோம்? சும்மா இருக்கப் போகிறோம், அவ்வளவுதானே!"

"காவல்காரன் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் வேறு" என்றது சாம்பலி.

"நீ முதலில் மந்திகளுக்குத் தலைவி. அப்புறம்தான் காட்டுக்குத் துணை!"

"கருங்கொம்பன் திரும்பட்டும். அன்றைக்கு மந்திகளுக்காக மட்டும் பேசுகிறேன். இன்றைக்கு நான் நிற்பது காட்டின் பாறையில்."

சாம்பலி நேராகப் புல்மேட்டுக்குப் போனது. பாறைமேல் ஏறி எல்லோரையும் கூப்பிட்டது. செவலை சொன்னதை ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னது. கருங்கொம்பன் செத்துவிட்டதாகச் சொன்னதையும், தன்னிடம் பேசிய பேரத்தையும்.

கூட்டம் அலறியது. காட்டெருமைகள் தரையைக் குளம்பால் கிளறின.

வெண்காலி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வந்தது.

"எங்கள் தலைவர் செத்துவிட்டார் என்று ஒரு மந்தி வந்து சொல்கிறது! அவர் செத்தால் பாறை யாருக்கு? உனக்கு! நாய் சொன்னதா, நீயே சொல்கிறாயா?"

"நான் பேரம் பேசியிருந்தால் உங்களிடம் வந்து சொல்வேனா, வெண்காலி?"

எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுப்பன்றி கோரன் உறுமியது. கருங்கொம்பன் எதைச் செய்தாலும் கேள்வி கேட்பது கோரன்தான்.

"நான் கேட்கிறேன், பதில் சொல்! தலைவர் இருக்கிறாரா, இல்லையா? இல்லையென்றால் இப்போதே புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போம்! நீ எந்த உரிமையில் அங்கே நிற்கிறாய்?"

எல்லாக் கண்களும் சாம்பலியைப் பார்த்தன.

"அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது" என்றது சாம்பலி. "சொன்னது செந்நாய். அதை நம்பி நான் அழவும் மாட்டேன், ஆளவும் மாட்டேன். உயிரோடு இருந்தால் அவர் வரும்வரை இந்த இடம் என் பொறுப்பு. செத்திருந்தால், நீங்கள் எல்லோரும் கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை என் பொறுப்பு. இரண்டில் எது உண்மையானாலும் இன்றைக்கு என் வேலை ஒன்றுதான், கோரா! தாகத்தில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் தேர்தல் வைத்தால் பொழுது சாய்ந்துவிடும். செவலைக்கு வேண்டியதும் அதுதான்."

கோரன் மூக்கைச் சுளித்தது. ஆனாலும் ஓரடி பின்வாங்கியது.

"இப்போது என் முடிவைக் கேளுங்கள்" என்றது சாம்பலி. "நாம் எல்லோரும் மடுவுக்கு இறங்குகிறோம்."

"என்ன!" என்று வெண்காலி கத்தியது. "மேட்டை விட்டு நகரக் கூடாது என்று தலைவர் உன்னிடம்தானே சொன்னார்? எங்கள் காதிலும் விழுந்ததே!"

"சொன்னார். செந்நாய் தண்ணீரை மறித்து உட்காரும் என்று அவருக்கு அப்போது தெரியாது. உன் கன்றைப் பார், வெண்காலி. நாளைக்கு அது எழுந்து நிற்குமா?"

வெண்காலி கன்றைப் பார்த்தது.

"அவர் இங்கே இருந்தால் என்ன செய்வாரோ, அதை நான் செய்தாக வேண்டும். அவர் அன்றைக்குச் சொன்னதையே பிடித்துக்கொண்டு நின்றால், அவர் சொல் மிஞ்சும், அவர் கூட்டம் மிஞ்சாது."

"தப்பாகப் போய்விட்டால்?"

"தலைவர்மேல் பழி இல்லை. என்மேல் போடுங்கள்."

வெண்காலி கன்றின் முதுகை ஒருமுறை நக்கியது. பிறகு தலையாட்டியது.

"எப்போது இறங்குவது?"

"உச்சிவெயிலில்! வெயில் ஏறினால் செந்நாய்கள் மூங்கில் நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பாதையில் காவலுக்கு ஒன்றிரண்டுதான் நிற்கும். பொழுது சாயும்வரை நான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் செவலை நினைத்துக்கொண்டிருக்கிறது. கன்றுகளும் குட்டிகளும் நடுவில். காட்டெருமைகள் முன்னாலும் பின்னாலும். பக்கங்களுக்குத்தான் ஆள் இல்லை." சாம்பலி கோரனைப் பார்த்தது. "உங்கள் பன்றிகள் வந்தால் உதவியாக இருக்கும்."

"உன்னை எதிர்ப்பதுதான் என் வேலை" என்றது கோரன். "இன்னும் எதிர்ப்பேன். ஆனால் செந்நாய்க்கு வேலை பார்ப்பதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வருகிறோம்!"

மந்திகள் சரிவின் மரங்களில் பரவின. எந்தப் பக்கம் செந்நாய் அசைந்தாலும் அந்தப் பக்கத்து மந்தி கத்த வேண்டும். சரிவின் அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதை குறுகி ஓர் இடுக்காகப் போனது. அங்கேதான் ஆபத்து அதிகம். அங்கிருந்த மருதமரத்துக்கு வேகமாகத் தாவக்கூடிய துள்ளனை அனுப்பியது சாம்பலி.

வெயில் உச்சிக்கு வந்தது. கூட்டம் இறங்கத் தொடங்கியது.

ஒரு கன்றும் கத்தவில்லை. குளம்புகள் காய்ந்த இலையை மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சாம்பலி கூட்டத்துக்கு மேலே கிளை கிளையாகப் போனது. பாதிச் சரிவு தாண்டியது. முக்கால் சரிவு தாண்டியது.

காவலுக்கு நின்ற செந்நாய் திரும்பிப் பார்த்தது. ஊளையிட்டது!

மூங்கில் புதர் அதிர்ந்தது. நாலாபக்கமும் சிவப்பு முதுகுகள் பாய்ந்தன.

"இடது பக்கம்!" என்று ஒரு மந்தி கத்தியது. காட்டெருமைகள் இடது பக்கம் கொம்பைத் திருப்பின. "பின்னால்! பின்னால்!" பின்வரிசை திரும்பி நின்றது. "வலது!" கோரனின் பன்றிகள் பாய்ந்தன. ஒரு செந்நாய் சுருண்டு விழுந்தது.

ஆனால் இடுக்கின் பக்கமிருந்து சத்தமே வரவில்லை.

சாம்பலி இடுக்கின் பக்கம் திரும்பியது. துள்ளன் ஏன் கத்தவில்லை? அங்கே செந்நாய் இல்லையா? அல்லது துள்ளன் வாயை மூடிக்கொண்டிருக்கிறதா?

யோசிக்க நேரமில்லை. வெண்காலியும் கன்றும் இடுக்கை நெருங்கிவிட்டன. சாம்பலி மூன்று மரங்களை மூச்சு விடாமல் தாவிக் கடந்தது. மருதமரத்தின் கிளையில் துள்ளன் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, பாறையின் நிழலில், செவலை வயிற்றைத் தரையில் அழுத்திப் பதுங்கியிருந்தது. பின்னால் அதன் கூட்டாளிகள்.

"நில், வெண்காலி! பாறைக்கு அடியில்! பாறைக்கு அடியில்!"

சாம்பலி கத்திக்கொண்டே தாழ்ந்த கிளைக்குக் குதித்தது. அந்தக் கிளை காய்ந்தது. சடக்கென்று முறிந்தது. சாம்பலி செவலைக்கு முன்னால் வந்து விழுந்தது.

செவலை கன்றை விட்டுவிட்டு மந்திமேல் பாய்ந்தது. சாம்பலி எகிறிப் பாறையைப் பற்றியது. வால் மட்டும் செவலையின் பற்களுக்குள் சிக்கியது.

அப்போதுதான் துள்ளனுக்குக் குரல் வந்தது. "இங்கே! இங்கே எல்லோரும் இங்கே!" என்று அது தொண்டை கிழியக் கத்தியது.

வெண்காலி தலையைத் தாழ்த்தி இடித்தது. செவலை காற்றில் எறியப்பட்டுப் பாறையில் மோதியது. எழுந்தது. நொண்டியது. பிறகு ஓடியது. தலைவன் ஓடுவதைப் பார்த்த மற்ற நாய்களும் கலைந்தன.

கூட்டம் இடுக்கைத் தாண்டி மடுவில் இறங்கியது. கன்றுகள் மூக்கு முழுகக் குடித்தன. மூன்று பக்கமும் தண்ணீர், நாலாவது பக்கம் கொம்புகளின் வரிசை. செந்நாய்கள் கரையில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வேறு காடு தேடிப் போயின.

சாம்பலியின் வாலில் பாதி போய்விட்டது. துள்ளன் பச்சிலையை மென்று கொண்டுவந்து காயத்தில் வைத்தது.

"நான்... சும்மா இருந்துவிட்டேன்" என்றது.

"கடைசியில் கத்தினாய். இனி முதலிலேயே கத்து" என்றது சாம்பலி.

கருங்கொம்பன் சாகவில்லை! பள்ளத்தில் விழுந்தது மட்டும் உண்மை. முன்னங்காலை இழுத்து இழுத்து நடந்து, யானைகளின் சம்மதத்தோடு அது திரும்பி வந்தது. புல்மேடு வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்துக் காடே அதிரும்படி முக்காரமிட்டது. குளம்படிகளைப் பின்தொடர்ந்து மடுவுக்கு வந்தபோது அதன் கண்கள் சிவந்திருந்தன.

"சாம்பலி! நான் உன்னிடம் சொன்னது என்ன?"

"நகரக் கூடாது என்றீர்கள். நகர்த்தினேன், தலைவரே."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்க முடியவில்லை. அதனால்தானே என்னை நிறுத்திவிட்டுப் போனீர்கள்? செய்தது சரியா என்று நீங்கள் விசாரிக்கலாம். தப்பென்றால் என்னை நீக்கிவிடுங்கள்."

கருங்கொம்பனின் மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. அப்போது வெண்காலி நடுவில் வந்து நின்றது. நடந்ததையெல்லாம் சொன்னது. தான் சந்தேகப்பட்டதைக்கூட விடாமல் சொன்னது.

கேட்டுக்கொண்டிருந்த காட்டெருமைகளில் ஒன்று திடீரென்று குரல் கொடுத்தது. "சாம்பலியே தலைவியாக இருக்கட்டும்!"

"ஆமாம், இருக்கட்டும்!" என்றன மான்கள். "சாம்பலி! சாம்பலி!" என்று மந்திகள் கிளைகளை உலுக்கின.

கருங்கொம்பன் நொண்டிக் காலோடு தனியாக நின்றது. சாம்பலி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாறை அதற்குத்தான். சாம்பலிக்கும் அது தெரிந்தது. அந்த ஒரு கணம் அதன் மனம் ஆசைப்பட்டது என்பதும் உண்மை.

பிறகு சாம்பலி கையை உயர்த்தியது.

"போதும்! தலைவரின் சொல் என்பதால்தான் என் சொல்லைக் கேட்டு இறங்கி வந்தீர்கள். அவர் நொண்டிக்கொண்டு வந்து நிற்கும்போது அவர் இடத்தை நான் எடுத்துக்கொண்டால், செவலை கேட்டதை நானே செய்து முடித்ததாக ஆகிவிடும். வேறு தலைவர் வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு நாள் கூடி, அவர் முகத்துக்கு நேரே பேசித் தேர்ந்தெடுங்கள். தலைவரே, உங்கள் இடம் உங்களிடம்!"

கருங்கொம்பன் மெதுவாக அருகில் வந்தது. அறுந்த வாலைப் பார்த்தது.

"நான் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் மேட்டை விட்டிருக்க மாட்டேன்" என்றது தாழ்ந்த குரலில். "கன்றுகளை இழந்திருப்பேன்."

"அதைப் பிறகு பேசலாம். இப்போது நான் மந்திகளின் தலைவியாக ஒன்று கேட்க வேண்டும்" என்றது சாம்பலி. "ஆற்றங்கரை அத்திமரங்களில் பாதி எங்களுக்கு வேண்டும்!"

"பாதியா? முடியாது!" என்று கோரன் பாய்ந்து வந்தது. "இதை நான் எதிர்க்கிறேன்!"

கூட்டம் முழுவதும் சிரித்தது. கருங்கொம்பனும் சிரித்துவிட்டது.

மறுநாள் காடு முழுவதும் யானைகளின் ஏரிக்குப் புறப்பட்டது. கருங்கொம்பன் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தது. சாம்பலி ஒரு மரம் பின்தங்கி, பாதி வாலோடு தடுமாறித் தாவியபடி, வழியெல்லாம் காவல் பார்த்துக்கொண்டே போனது.

பிறர் இடத்தில் நிற்க நேர்ந்தவர், நிற்கும்வரை அஞ்சாமல் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டும். உரியவர் வந்ததும் தயங்காமல் விலகிக்கொள்ள வேண்டும்.